ராத்திரி 12 மணி வரை சம்பளமில்லாத வேலை

கேள்வி: என் மகன் கம்பெனி வேலை முடிந்து வந்ததும், ஹைக்கூ என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக ராத்திரி 12 மணி வரை உட்கார்ந்து எழுதுகிறான். காசு கிடையாது. அதை யாரும் பயன்படுத்துகிற மாதிரியும் தெரியவில்லை. எதற்கு இந்தப் பாடு?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அம்மா, பழைய வண்ணாரப்பேட்டையில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து 20 வருஷமாகிறது. ஒருநாள் தண்டையார்பேட்டை பட்டறைக்காரர் ஒருவர் பழைய சிபியூ ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. தகடு வெட்டும் மெஷினின் புரோகிராம், டாஸ் என்கிற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். விற்றவர்கள், "புதுசு வாங்கிக்குங்க" என்று கைகழுவிவிட்டார்கள். நல்லவேளை, புரோகிராம் இருந்த ஃபிளாப்பியை அவர் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். வேறு டிஸ்க் மாட்டி, டாஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற ஃப்ரீடாஸைப் போட்டு, அந்த புரோகிராமை ஏற்றினேன். மறுநாள் காலையில் மெஷின் ஓடியது. அங்கே மூன்று பேருக்குக் கூலி நிற்கவில்லை.

அந்த ஃப்ரீடாஸை எழுதியவர்களும் உங்கள் மகனைப் போலத்தான். மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும், 1994-ல் ஜிம் ஹால் என்ற இயற்பியல் மாணவர், நாமே எழுதுவோம் என்று கூப்பிட்டார். 1.0 பதிப்பு வர 2006 ஆனது. 2025-லும் புதுப் பதிப்பு வந்திருக்கிறது.

சரி, ஹைக்கூவுக்கு வருகிறேன். பீஓஎஸ் என்ற அருமையான சிஸ்டத்தைச் செய்த கம்பெனி, 2001-ல் தன் சொத்தை பாம் நிறுவனத்துக்கு விற்றது. பீஓஎஸ்ஸை நேசித்தவர்கள் அந்த வருஷமே அதைத் திரும்ப எழுதத் தொடங்கினார்கள். அதுதான் ஹைக்கூ. முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வந்தது 2018-ல்! அத்தனை வருஷம் அவர்களைப் பிடித்துவைத்தது எது என்று நானும் யோசித்திருக்கிறேன். லினக்ஸ் என்கிற இன்னொரு இலவச சிஸ்டத்தில், மெஷினை உள்ளே இருந்து இயக்கும் கர்னல் ஒரு கூட்டத்துடையது, திரையில் நாம் பார்க்கிற டெஸ்க்டாப் இன்னொரு கூட்டத்துடையது. ஹைக்கூவில் இரண்டையும் ஒரே குழு எழுதுகிறது. கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வரும் வழி முழுக்க உள்ள புரோகிராமை ஒரே ஆள் படித்துப் பார்க்கலாம். தப்பு தெரிந்தால் திருத்தலாம், அந்தத் திருத்தம் அடுத்த பதிப்பில் எல்லோருக்கும் போகும். மெஷின் திறந்து பழகிய எனக்கு அந்த ருசி தெரியும். பெரிய கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு ஒரு மூலையை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு அது கிடைக்காது.

காசு விஷயம்: 2021 முதல் நன்கொடைப் பணத்தில் ஒருவருக்கு முழுநேரச் சம்பளம் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் உங்கள் மகனைப் போல ராத்திரியில் உட்காருகிறவர்கள். அதை நம்பி அவன் வேலையை விட வேண்டாம்.

இன்றைக்கு எதைச் சரிசெய்தான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், காட்டுவான். அப்புறம், காலை ஷிஃப்ட் இருக்கிற நாளில் 10 மணிக்கே மூடச் சொல்லுங்கள்.