தானம் வந்த கண்ணோடு பிரஷரும் வந்துவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. கரும்புத் தோகை கிழித்து, புண் ஆறாமல் போய், ஐந்து மாதம் முன்பு கருவிழி மாற்று ஆபரேஷன் நடந்தது. பார்வை நன்றாக வந்தது. போன வாரம், 'கண் பிரஷர் 34, கிளாக்கோமா' என்று சொல்லிவிட்டார்கள். பிபி அவருக்கு நார்மல். தானம் கொடுத்தவரின் நோய் தொற்றிவிட்டதா டாக்டர்? அப்பாவோ, "வலியே இல்ல, எதுக்கு இத்தன சொட்டு?" என்று எல்லாவற்றையும் நிறுத்தப் பார்க்கிறார்.
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அப்பா எந்தச் சொட்டையும் தானாக நிறுத்தக் கூடாதம்மா. மற்றதெல்லாம் பிறகு.

தானம் கொடுத்தவர் பாவம், அவரை விட்டுவிடுங்கள். அவரிடமிருந்து வந்தது அரை மில்லிமீட்டர் கனமுள்ள, வாட்ச் கண்ணாடி போன்ற ஒரு வட்டம். கண் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா அதில் ஏறி வராது. பிபி வேறு, இது வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர், கருவிழி ஓரத்து மூலையில் இருக்கும் சல்லடை வழியாக வடிய வேண்டும். பெரிய புண் வந்த கண்ணில் அந்த மூலை ஒட்டிப்போவதுண்டு. தையல் இழுப்பதும் உண்டு. இதில் கொடுமை என்னவென்றால், புதுக் கருவிழியைக் காப்பாற்றப் போடுகிற ஸ்டீராய்டு சொட்டே சிலருக்குச் சல்லடையை அடைத்துவிடும்.

சாதாரணமாக 21-க்குள் இருக்கும் பிரஷர், மெல்ல ஏறினால் 34 ஆனாலும் வலிக்காது. கருவிழி பளிச்சென்று இருக்கும்போதே பின்னால் பார்வை நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கும். கருவிழி கெட்டால் இன்னொன்று வைத்துப் பார்க்கலாம்; நரம்புக்கு அந்த வழி கிடையாது.

அதற்காக ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால், புதுக் கருவிழியை உடம்பு ஒதுக்கித் தள்ளிவிடலாம். குறைப்பதா, மிதமானதாக மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பிரஷர் சொட்டுகளுக்கு அடங்காவிட்டால் நீர் வடிய வழி செய்யும் ஆபரேஷன் இருக்கிறது. அப்பாவுக்கு மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கண் பிரஷருக்குப் போடும் டிமோலால் சொட்டு அதற்கு ஆகாது.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், மஞ்சள் பையை மேஜையில் கவிழ்த்தார். நான் நிறுத்திய ஸ்டீராய்டு பாட்டில் புதிதாக உருண்டது. பழைய சீட்டைக் காட்டி மூன்று மாதமாக வாங்கியிருக்கிறார். "அதுதான சாமி எனக்குப் பார்வை குடுத்துச்சு" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

உங்கள் வீட்டில் பிரஷர் பாட்டிலில் மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றிவிடுங்கள், தடவிப் பார்த்தே தெரியும். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் இடைவெளி. கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.