பிசியோதெரபியை நிறுத்தினால் கடன் தீருமா?

கேள்வி: தருமபுரியில் வசிக்கும் எனக்கு மாதச் சம்பளம் 42,000 ரூபாய். நான்கு மாதங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டின் பயிற்சியால் இப்போதுதான் டம்ளரைப் பிடிக்கிறார். மாதம் 13 முறை, முறைக்கு 500 ரூபாய். மருத்துவமனைச் செலவில் தொடங்கி, மூன்று வட்டிக்கு வாங்கிய கடன் 4 லட்சமாகிவிட்டது. அம்மாவின் 12 பவுனை அடகு வைப்பது குடும்பத்துக்கு அவமானம் என்கிறார் தாய்மாமா. பயிற்சியை நிறுத்திவிட்டு, முகவர் சொல்லும் உத்தரவாத வருமானத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் கட்டலாமா?

பதில்: பயிற்சிக்கு நீங்கள் தருவது 6,500 ரூபாய், வட்டிக்குத் தருவது 12,000 ரூபாய். நிறுத்த வேண்டியது எது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. அதே 4 லட்சத்தை அரசு வங்கியில் நகைக்கடனாக, ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதத்தில் வாங்கினால், வட்டி மாதம் 3,300 ரூபாயைச் சுற்றியே இருக்கும். மிச்சமாகும் 8,700 ரூபாயில் பிசியோதெரபிஸ்டின் கட்டணம் போக, அசலைக் கழிக்கவும் கொஞ்சம் நிற்கும். வட்டியை மட்டும் கட்டி ஆண்டுதோறும் நகையை மறுபடி அடகு வைக்கும் பழக்கத்துக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

மாமா மீது உங்களுக்குள்ள மரியாதை புரிகிறது. ஆனால் மாதந்தோறும் வட்டி கட்டுபவர் நீங்கள். அம்மாவின் சம்மதம் இருந்தால் போதும்.

பக்கவாதத்துக்குப் பின் முதல் ஆறு மாதங்களில்தான் மீட்சியின் பெரும்பகுதி நிகழ்கிறது என்பதால், டம்ளரைப் பிடிக்கத் தொடங்கிய கையை இப்போது கைவிடுவது எந்தக் கணக்கிலும் சேராத நஷ்டம். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) அளிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும் நாள்களுக்கு ஏற்பத் தனியார் வருகையைக் குறைக்கலாம். இரத்த அழுத்த மாத்திரையில் மட்டும் ஒரு நாள்கூடச் சிக்கனம் வேண்டாம். மறுபடியும் பக்கவாதம் வந்தால் இந்தக் கணக்கு முழுவதும் சிதறிவிடும்.

உத்தரவாத வருமானத் திட்டம் இப்போது வேண்டவே வேண்டாம். ஆண்டுக்கு 36 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருப்பவர், அதில் கால்பங்குகூடத் தராத திட்டத்தில் பல ஆண்டுகளுக்குப் பணத்தை முடக்குவதை எந்த முகவராலும் நியாயப்படுத்த முடியாது.

நகைக்கடன் கைக்கு வந்த அன்றே பழைய கடனை அடைத்து, கையெழுத்திட்டுக் கொடுத்த புரோநோட்டையும் காசோலைகளையும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.