குட்டை ரக ஸ்னாப்டிராகன் பூச்செடியை விதை போட்டு தொட்டியில் வளர்க்க முடியுமா?

தாராளமாக முடியும். கோயம்புத்தூரில் மொட்டை மாடியில்தான் நான் வளர்க்கிறேன். பாக்கெட் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, விதைமேல் மண்ணைப் போட்டு மூடியிருப்பீர்கள். இல்லையென்றால் வெயில் காலத்தில் விதைத்திருப்பீர்கள்.

இது மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி, சூடு ஆகாது. முளைக்க 18 முதல் 21 டிகிரி இருந்தால் நல்லது. மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சியில் பார்த்த ஆசையில் கீழே இறங்கி வந்து விதைத்தால் வேலைக்கு ஆகாது. ஊட்டிக் குளிர் நமக்கு மார்கழியில்கூட வராது. சமவெளியில் ஐப்பசியில் விதைத்தால் தை மாதம் பூப் பார்க்கலாம், பங்குனி வெயிலில் செடி ஓய்ந்துவிடும்.

விதை அவ்வளவு பொடி. ஒரு கிராமில் 5,000-க்கு மேல் இருக்கும். கசகசாவே இதற்குப் பெரிசு. சலித்த கோகோபீட்டோடு (தேங்காய் நார்த் தூள்) கொஞ்சம் மண்புழு உரம் கலந்து தட்டில் நிரப்பி, முதலில் நன்றாக நனைத்துவிடுங்கள். அப்புறம் விதையை மெல்லிய மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். மேலே எதுவும் போட வேண்டாம், முளைக்க வெளிச்சம் வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். அதனால் தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். ஐப்பசி மழை படாத, வெளிச்சமான இடமாகப் பார்த்து வையுங்கள். ஒன்று, இரண்டு வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஈரம் காக்க மேலே பிளாஸ்டிக் மூடியிருந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் நாற்றழுகல் வரும்: தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும்.

இந்தக் கட்டம் தாண்டினால் மீதி சுலபம். நாலைந்து இலை விட்டதும் பிரித்து நடுங்கள். எட்டு அங்குலத் தொட்டிக்கு மூன்று செடி, பாத்தி ஓரமாக என்றால் அரை அடி இடைவெளி. நல்ல வெயில் படட்டும். உயர ரகத்துக்கு நுனி கிள்ளியே ஆக வேண்டும். குட்டை ரகம் 15 முதல் 25 சென்டிமீட்டர்தான் வளரும், பெரும்பாலும் தானே கிளைத்துக்கொள்ளும். ஒற்றைத் தண்டாகப் போகிற செடியை மட்டும் கிள்ளுங்கள்.

தண்ணீரை இலையில் ஊற்றாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள், காவி நிறப் பொடி இருந்தால் துரு நோய். அந்த இலைகளை உடனே கிள்ளிக் குப்பையில் போடுங்கள், உரக் குழியில் வேண்டாம்.

பூத்து முடிந்த கதிரைக் காய் பிடிப்பதற்குள் வெட்டினால் பக்கக் கிளைகளில் மறுபடி பூக்கும். காய விட்டு விதை எடுக்கலாம்தான், ஆனால் எஃப்1 விதையாக (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) இருந்தால் அடுத்த வருடம் அதே நிறமும் உயரமும் வராது. நான் புது பாக்கெட்தான் வாங்குகிறேன். மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன்.