பரணில் கிடைத்த த்ரீ நாட் த்ரீ

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது பரணில் கோணிச்சாக்கில் சுற்றிய ஒரு ரைபிள் கிடைத்தது. தாத்தா பர்மா சண்டைக்குப் போய்விட்டு 1946-ல் ஊர் திரும்பியவர். ஜப்பான்காரன் கையிலிருந்து பிடுங்கி வந்தது என்கிறார் அப்பா. கிரீடம் போட்டிருக்கிறது, அதனால் இங்கிலாந்தில் செய்தது என்கிறார் சித்தப்பா. தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட்டுக்குப் பின்னால் வலது பக்கம் கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ., அடுத்த வரி துருவில் போய்விட்டது, கடைசியில் ஓ, ஆர், இ என்ற மூன்று எழுத்து மட்டும் தெரிகிறது. பிறகு 1943, நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். இடது பக்கம் சின்னதாக எஃப்.டி.ஆர். 52. இது எங்கே செய்தது?

பதில்: தம்பி, முதலில் ஒரு விஷயம். போல்ட்டை இழுக்காதீர்கள், உள்ளே தோட்டா இருக்கலாம். இது த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 அங்குல ரைபிள். சட்டப்படி தடை செய்யப்பட்ட ரகம், லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பரணில் கிடைத்தது என்று எழுதிக் கொடுத்து ஸ்டேஷனில் ஒப்படையுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கியைக் கண்டெடுத்துப் பயந்துபோய் ஏரியில் வீசியவர்கள் நம் பக்கம் உண்டு, அப்படி எதுவும் செய்யவேண்டாம். தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகவும் வேண்டாம், தகவல் சொன்னால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

சரி, இப்போது முத்திரைக்கு வருவோம். ஜப்பான் ராணுவத்தின் அரிசாகா ரைபிளில் தோட்டா அறைக்கு மேலே பதினாறு இதழ் செவ்வந்திப்பூ செதுக்கியிருக்கும், அது அவர்கள் மன்னரின் சின்னம். கிரீடம் இருக்காது. ஆக அப்பா சொல்வது இல்லை. சித்தப்பா கிரீடத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த மூன்றாவது எழுத்தைப் பார்க்கவில்லை. இங்கிலாந்தில் என்ஃபீல்டு தொழிற்சாலையிலோ பர்மிங்காம் பி.எஸ்.ஏ. கம்பெனியிலோ செய்தவற்றில் ஜி.ஆர். என்று மட்டும்தான் இருக்கும், ஜார்ஜ் மன்னர் என்று அர்த்தம். இந்தியாவுக்கு அவர் சக்கரவர்த்தி அல்லவா, அதற்காக இங்கே ஐ (இம்பரேட்டர், சக்கரவர்த்தி) என்ற எழுத்தையும் சேர்த்து அடித்தார்கள். உங்கள் துருப்பிடித்த வரியில் ஓ, ஆர், இ என்று முடிவது இஷாப்பூர். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் 1904-ல் அமைந்த ரைபிள் தொழிற்சாலை. நம் ஆட்கள் கடைந்து, அறுத்து, பொருத்திய துப்பாக்கி அது. இங்கிலாந்துக் கிரீடத்தைப் பார்த்ததும் இறக்குமதிச் சரக்கு என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். குடியரசான பிறகு அதே தொழிற்சாலை, கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கத்தை அடித்தது.

நம்பர் 1 மார்க் 3 என்பது மாதிரியின் பெயர், அதன் பின்னால் வரும் நட்சத்திரக் குறி முதல் உலகப்போரின் வேலை. 1916-ல் அவசரமாக நிறையச் செய்யவேண்டியிருந்ததால், மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) அடைக்கும் தகடு, தொலைதூரக் குறிபார்க்கும் பக்கவாட்டுச் சாதனம் ஆகியவற்றை விட்டுவிட்டார்கள், அந்தக் குறைத்த மாதிரிக்குத்தான் ஸ்டார். 1943-லும் அதையேதான் இஷாப்பூர் செய்துகொண்டிருந்தது. மேகசினுக்குச் சற்று முன்னால் கட்டையில் குறுக்கே ஒரு திருகு இருக்கிறதா பாருங்கள், கட்டை பிளக்காமல் இருக்கப் பின்னாளில் போட்ட இஷாப்பூர் கைவேலை அது. துருவைத் தேய்க்க உப்புத்தாள் மட்டும் வேண்டாம், துருவோடு எழுத்தும் போய்விடும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இடது பக்கத்து எஃப்.டி.ஆர். 52 தான். தொழிற்சாலைக்கு அனுப்பி முழுதாகப் பிரித்துப் பழுது பார்த்தது என்று அர்த்தம், ஆண்டு 1952. அப்படியானால் 1952-ல் இந்தத் துப்பாக்கி அரசாங்கத்தின் கையில் இருந்திருக்கிறது. 1946-ல் ஊர் வந்த தாத்தா இதைக் கொண்டுவந்திருக்க முடியாது. பிறகு எப்படி வீட்டுக்கு வந்தது என்பதை முத்திரை சொல்லாது, காகிதம்தான் சொல்லவேண்டும். பழைய டிரங்குப் பெட்டியில் லைசென்ஸ் புத்தகம் தேடுங்கள். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல், அதற்கு முந்திய புத்தகம் என்றால் சேலம் ஜில்லா என்றுதான் இருக்கும், அதைப் பார்த்து வேறு யாருடையதோ என்று தள்ளிவிடாதீர்கள்.

தாத்தா பொய் சொன்னார் என்று மட்டும் நினைக்கவேண்டாம். பர்மாவில் நம் சிப்பாய்கள் தோளில் இருந்தது இதே ரகம்தான். அவர் ஏதோ சொல்ல, கேட்டவர்கள் பரணில் இருந்ததோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். அதே பெட்டியில் ஆறு முனை வெண்கல நட்சத்திரம் ஒன்று கிடக்கிறதா பாருங்கள். பர்மா ஸ்டார் என்று வட்டமாக எழுதியிருக்கும், நடுவில் கிரீடத்தோடு அதே ஜி.ஆர்.ஐ. இருக்கும். கிடைத்தால் அதை யாருக்கும் ஒப்படைக்கவேண்டியதில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி என்.சி.சி. ரைபிளில் டி.பி. என்று அடித்திருக்கிறதே, ஏன்? (கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மாணவி)

பதில்: டிரில் பர்ப்பஸ், அதாவது கவாத்துக்கு மட்டும். தேய்ந்தோ விரிசல் கண்டோ சுடத் தகுதியில்லை என்று ஒதுக்கிய பழைய ராணுவ ரைபிள்களைத்தான் அப்படி மாற்றுவார்கள். பலவற்றில் தோட்டா அறையில் துளை போட்டிருக்கும், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் நுனியையும் வெட்டியிருப்பார்கள். வலது பக்கம் வருடத்தைப் பார் அம்மா, உன் கொள்ளுத்தாத்தா வயதுகூட இருக்கலாம்.