வலசை போயிருக்க வேண்டிய பாடும் பறவைகள் கடுங்குளிரிலும் தங்கிவிட்டால் பிழைக்குமா?

கேள்வி கேட்டவர் பனி மூடிய தோட்டத்தில் ராபின்களைப் பார்த்துவிட்டு, "வழி தவறிவிட்டனவா? நான் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கும் ஒரு ஜனவரியில் இதே பதற்றம் வந்தது.

அன்று வெளியே மைனஸ் 18 டிகிரி. ஜன்னலுக்கு எதிரே இருந்த காட்டு ஆப்பிள் மரத்தில் பதினோரு வட அமெரிக்க ராபின்கள். செங்கல் நிற மார்போடு புல்வெளியில் மண்புழு இழுக்குமே, அதே பறவை. அதைப் பார்த்தால் வசந்தம் வந்துவிட்டது என்று சொல்வார்கள். இங்கே நடு ஜனவரியில், ஒவ்வொன்றும் பந்து மாதிரி உப்பிப்போய் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சரி, நோய் வந்துவிட்டது, இரவுக்குள் செத்துவிடும் என்று முடிவுகட்டி ரொட்டியைப் பிய்த்துப் பனிமேல் தூவினேன். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் அணிலுக்குப் போனது.

உப்பியிருந்தது நோயால் அல்ல. இறகுகளைத் தூக்கி நிறுத்தி நடுவே காற்றை அடைத்து வைத்துக்கொள்கின்றன. அதுதான் அவற்றின் கம்பளி. உள்ளே உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்துக்கொண்டிருக்கும். மார்புத் தசைகளை விடாமல் நடுக்கி அந்தச் சூட்டை உண்டாக்குகின்றன. காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறிவரும் குளிர்ந்த ரத்தத்தோடு ஒட்டியே போவதால் போகிற வழியிலேயே சூட்டை அதற்குக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் அந்தக் குச்சிக் கால்கள் வழியாகச் சூடு அதிகம் வீணாவதில்லை. பதினோரு கிராம்போல எடையுள்ள சிக்கடி என்ற சிறு பறவை இன்னும் கெட்டிக்காரி. இரவில் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரிக்கு மேல் இறக்கிக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பைச் சிக்கனமாக எரித்து விடியும்வரை ஓட்டிவிடும். அதைவிடச் சிறியது கிங்லெட், ஆறு கிராம்கூட வராது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பனிக்காட்டில் பெர்ண்ட் ஹைன்ரிச் என்ற ஆய்வாளர் அவற்றைப் பின்தொடர்ந்தபோது, இரவில் ஒரே கிளையில் ஒன்றையொன்று ஒட்டி உருண்டையாகத் தூங்குவதைக் கண்டார். பகலில் அவை தின்றது கிளைகளில் ஒளிந்து குளிர்காலத்தைக் கழிக்கும் கம்பளிப்புழுக்களை.

ஆக, குளிரை மட்டும் கண்டு பெரும்பாலான பறவைகள் ஊரைவிட்டுப் போவதில்லை. சாப்பாடு தீர்வதால் போகின்றன. பறக்கும் பூச்சிகளையே நம்பியிருக்கும் தகைவிலானுக்கு வேறு வழி கிடையாது. பகல் குறையத் தொடங்கினால் அதுவே பஞ்சாங்கம், கிளம்பிவிடும். ராபின் அப்படிக் கட்டுப்பட்டதில்லை. மண் இறுகி மண்புழு ஆழத்துக்குப் போனதும் பழங்களுக்கு மாறிவிடுகிறது. புல்வெளியை விட்டுவிட்டுக் கூட்டமாகப் பழமரங்களைத் தேடி அலைகிறது. நாம் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருப்பதால் "ராபின் போய்விட்டது" என்கிறோம். பல ஊர்களில் அது ஒவ்வொரு வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கும்! மஞ்சள் பிட்டம் கொண்ட வார்ப்ளர் என்று ஒரு சிறு பாடும் பறவை உண்டு. பேபெரி என்ற புதரின் பழத்தை மூடியிருக்கும் மெழுகைக்கூட அதனால் செரிக்க முடியும். அதன் உறவுக்காரப் பறவைகள் வெப்ப நாடுகளுக்குப் போய்விட, இது மட்டும் வடக்கே நின்றுவிடுகிறது.

ஒரே இனத்தில் சில போவதும் சில தங்குவதும் சகஜம். தங்குவது ஒரு சூதாட்டம். பிழைத்தால், வசந்தத்தில் நல்ல இடத்தை முதலில் பிடிக்கலாம்; தெற்கே போனவை திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிடும். தோற்றால், அவ்வளவுதான்.

நாம் தீனி வைப்பதால்தான் போகாமல் தங்கிவிடுகின்றனவா என்று பலர் குற்ற உணர்ச்சியோடு கேட்கிறார்கள். கிளம்பும் வேகம் உள்ள ஒரு பறவை உங்கள் தட்டைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்யாது. ஆனால் பல தலைமுறைகள் சேரும்போது கதை வேறு. ஐரோப்பாவில் பிளாக்கேப் என்ற பாடும் பறவை, ஜெர்மனிப் பக்கம் கூடு கட்டிவிட்டுக் குளிருக்கு ஸ்பெயின் பக்கம் போவதுதான் வழக்கம். 1960களிலிருந்து அவற்றில் ஒரு பகுதி பிரிட்டனுக்குப் போவது கூடிக்கொண்டே வந்தது. தோட்டங்களில் கிடைக்கும் தீனிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் பீட்டர் பெர்தோல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் அவற்றின் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார்கள். அந்தத் திசை பெற்றோரிடமிருந்து மரபாகவே வருகிறது என்று தெரிந்தது.

உதவ வேண்டுமென்றால், முதலில் தண்ணீர். எல்லாம் உறைந்து கிடக்கும்போது உறையாத ஒரு தட்டுத் தண்ணீருக்கு வரும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ராபினுக்கு ஊறவைத்த உலர்திராட்சை, ஆப்பிள் துண்டு. சிக்கடிக்குச் சூரியகாந்தி விதை, மாட்டுக்கொழுப்பு. ரொட்டி வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். தட்டை அடிக்கடி கழுவுங்கள், நோய் அங்கேதான் பரவும். தயவுசெய்து பிடித்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பயத்திலேயே செத்துப்போகலாம், தவிர அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி அனுமதியில்லாமல் அதைச் செய்யக் கூடாது.

எல்லாம் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். அதே குளிர்காலத்தில் ஹெர்மிட் த்ரஷ் என்ற பறவை ஒன்று தன்னந்தனியாக வேலியோரப் புதருக்கு வந்துகொண்டிருந்தது. வாலைச் சட்டென்று தூக்கி மெதுவாக இறக்குவதை வைத்து அடையாளம் கண்டேன். தினம் காலை ஏழரைக்கு வரும், பாடாது, நாலு பழம் தின்னும், போகும். பிறகு உறைமழை பெய்தது. பனியைவிட மோசமானது அதுதான்: பழம் ஒவ்வொன்றும் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தெரியும், கொத்த முடியாது. மூன்று நாள் அப்படியே கிடந்தது. நான் வைத்த திராட்சையும் உறைந்து கல்லானது. நாலாம் நாள் ஐஸ் உருகியும் அது வரவில்லை. தெற்கே நகர்ந்திருக்கலாம் என்று என் மனைவி சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

உங்கள் ராபின்கள் எந்த மரத்தில் உட்காருகின்றன என்று பாருங்கள். அதில் பழம் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்தே எத்தனை நாள் இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். என் மரத்தில் கடைசிக் கொத்து தீர்ந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளி காலையில் மரத்தடிப் பனியில் சிவப்புக் கறையும் கொட்டைகளும்தான் கிடந்தன.