கேமராவுக்காக இபிஎப் பணத்தைத் தொட வேண்டாம், அக்கா

அன்புள்ள அக்கா,

ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வை முடித்த மகள், போட்டோவும் வீடியோவும்தான் என் வேலை என்று பிடிவாதமாக நிற்கிறாள், இபிஎப் எனும் ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் இருப்பதை எடுத்துக் கேமரா வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அவளுக்கு இந்தத் துறை ஒத்துவராது என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. எடுத்ததை ஒழுங்காக வெட்டி ஒட்டி, சொன்ன தேதியில் இன்னொருவர் கையில் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை. சோறு போடப்போவது அந்தப் பழக்கம். அதைக் கைப்பேசியிலேயே கற்றுக்கொள்ளலாம்.

ஆறு மாதம் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஒரு நிமிட வீடியோ செய்யட்டும். சுங்கை சிப்புட்டில் ஆளுக்கா பஞ்சம்? புட்டு மாயம் பிழியும் பாட்டி, கோயிலில் மாலை கட்டுபவர், மோட்டார் பட்டறைக்காரர், செம்பனைக் குலை அறுக்கும் மாமா, யாராக இருந்தாலும் சரி. முதலில் அனுமதி கேட்க வேண்டும். தோட்டத்துக்குள் எடுப்பதென்றால் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். வேலை செய்யும் கையைக் கிட்டத்தில் ஒரு ஷாட், முகம் ஒன்று, ஆளும் இடமும் சேர்ந்து தெரிய ஒன்று, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று, அவளுக்கே தோன்றும் கோணத்தில் ஒன்று. இந்த ஐந்தையும் வைத்துக் கதை புரிகிற மாதிரி வெட்டுவது முதல் பாடம். "வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமையே புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புவது இரண்டாவது பாடம். பெற்றோராக நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது பாடத்தைத்தான். படம் அழகாக இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர் வெளிச்சத்தை அவள் படிக்க வேண்டும். இங்கே பொழுது விடிவதே ஏழு மணி வாக்கில், சாய்வதும் ஏழு மணி வாக்கில். மத்தியானம் ஒரு மணி வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது எடுத்தால் கண்குழியெல்லாம் கறுத்துப் போகும். காலை ஒன்பதுக்குள், மாலை ஐந்தரைக்கு மேல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செம்பனை மரத்தடியில் வெயிலும் நிழலும் புள்ளி புள்ளியாக விழுவதால் கைப்பேசி குழம்பிப்போய் ஒரு நொடி வெளுக்கும், ஒரு நொடி கறுக்கும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி வைத்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

மண்டபத்துக்குள் வந்தால் வேறு சிக்கல். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். பெரும்பாலான கைப்பேசிகள் நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் எடுப்பதால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடலாம். நொடிக்கு 25 படம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) நொடியில் 1/50 என்று வைத்தால் நின்றுவிடும். இதையெல்லாம் கையால் மாற்ற பிளேக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி இருக்கிறது. அவளுடைய கைப்பேசி அதற்கு ஏற்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். ஏன் 25, ஏன் 1/50 என்று அவள் உங்களுக்கு விளக்கிச் சொல்லும் நாளில், பெரிய கேமராவைக் கையாளத் தயாராகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள். கம்பியோடு வருவது நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

எடிட்டிங் தொடக்கத்தில் கைப்பேசியிலேயே போகட்டும். பிறகு டாவின்சி ரிசால்வ் என்ற கணினி எடிட்டிங் மென்பொருள். அதன் இலவசப் பதிப்பே அவளுக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும், திருட்டு மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் அதற்குக் கணினியில் 16 ஜிபி ரேம் வேண்டும். அதனால் அடுத்த பெரிய செலவு கணினியாக இருக்கட்டும், கேமரா அதற்குப் பிறகு. எடுத்த வீடியோவை இரண்டு இடத்தில் சேமிக்காமல் மெமரி கார்டை அழிக்கக் கூடாது என்பதையும் முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். தாலி கட்டுவதை யாரும் இன்னொரு முறை கட்டிக் காட்ட மாட்டார்கள்.

இன்னொன்றை அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாவு பூசியது போல வெளுப்பாக்கிவிடுகிறார்கள். அது எனக்கு மனதை வருத்துகிறது. நம் தோல் நிறத்தை அதன் நிறத்திலேயே அழகாகக் காட்டத் தெரிந்தவளாக உங்கள் மகள் வர வேண்டும்.

பெண் பிள்ளை, ராத்திரி வேலை என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். முதல் ஓராண்டு தனியாக எந்த விழாவையும் ஏற்க வேண்டாம். தெரிந்த குழுவோடு உதவியாளாகப் போய்வரட்டும், போகும் வழியும் திரும்பும் வழியும் முன்பே முடிவாகியிருக்கட்டும். மணப்பெண் அலங்காரம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு விழா போன்றவற்றுக்குப் பெண் படக்காரர் வந்தால் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ குடும்பங்கள் நினைக்கின்றன. எடிட்டிங் என்றால் வீட்டிலிருந்தே பகலில் செய்யலாம். நிலையான வருமானத்துக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

படிப்பு. கோலாலம்பூரில் இருக்கும் அஸ்வாரா அரசாங்கக் கலைக் கழகம். அங்கே திரைப்படத்துக்கென்றே தனிப் புலம் உண்டு. செய்து முடித்த வீடியோக்கள் கையில் இருந்தால் நேர்முகத்தில் அவள் பேசுவதற்கு விஷயம் இருக்கும். இரண்டாவது வழி எஸ்கேஎம் திறன் சான்றிதழ். மூன்றாம் நிலை வரை முடித்து, நான்காம் நிலையில் டிப்ளோமாவுக்குப் போகலாம். அதற்குக் கடன், திறன் பயிற்சிக்குக் கடன் தரும் அரசு அமைப்பான பிடிபிகே மூலம். பல்கலைக்கழக, கல்லூரி டிப்ளோமாவுக்கு உயர்கல்விக் கடன் தரும் பிடிபிடிஎன். கொலேஜ் கொமுனிட்டி எனும் அரசாங்கச் சமூகக் கல்லூரிகளில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாடம் என்பதால், உங்கள் ஊரில் இருப்பதில் வீடியோ சார்ந்த பாடம் இல்லையென்றால் மற்ற ஊர்களையும் பாருங்கள். எஸ்பிஎம்மில் மலாய், வரலாறு இரண்டில் ஒன்று தேறாமல் போயிருந்தாலும் சான்றிதழே கிடைக்காது. அப்படியானால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் திரும்ப எழுத வைப்போம்.

பதினெட்டு நிறைந்து, காசு வாங்கி வேலை செய்யத் தொடங்கினால் தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான எஸ்எஸ்எம்மில் பதிந்துகொள்ளட்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. சொந்தக்காரர் வீட்டு விழாவாக இருந்தாலும் முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் கொடுப்பாள், எத்தனை முறை திருத்தித் தருவாள் என்பதைப் புலனத்தில் எழுதி வாங்க வேண்டும். "நம்ம பிள்ளைதானே" என்று இலவசமாக எடுக்கச் சொல்பவர்களிடம் நீங்கள்தான் அவளுக்காகப் பேச வேண்டும், அக்கா. அவளால் பெரியவர்களிடம் அதைச் சொல்ல முடியாது.

தேர்வு முடிவு வந்த கையோடு தனியார் கல்லூரி முகவர்கள் லயத்து வீடு வரைக்கும் வருவார்கள். லேப்டாப் தருகிறோம், கேமரா தருகிறோம் என்பார்கள். அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா, திறன் படிப்பு என்றால் அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகேயின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.