இலை அரைக்கப் பல்கலைக்கழகம் எதற்கு? ஒட்டுசுட்டான் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா,

உயர்தரப் பரீட்சை எழுதி இரண்டாம் முறையும் மருத்துவ பீட வெட்டுப்புள்ளி மகளுக்குக் கைநழுவிவிட்டது. இப்போது அவள், மூலிகைகளில் புற்றுநோய் மருந்து தேடும் ஆய்வுக்குப் போகிறேன் என்கிறாள். "அவளுடைய அப்பப்பா பரியாரியார். திண்ணையிலேயே இலை அரைத்தார். அதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு?" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தாலும், கேள்வி நியாயமானதுதான்.

எந்தச் செடியைத் தொடுவது என்பதற்கு அப்பப்பாவின் அறிவு நல்ல தொடக்கம். முடிவை ஆய்வுகூடம்தான் சொல்லும். வேலியோரத்தில் பூக்கும் பட்டிப்பூவை நீரிழிவுக்கு மருந்தென்று பல நாடுகளில் குடித்தார்கள். 1950களில் கனடாவில் அதை எலிகளில் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளை இரத்தக் கலங்கள் குறைந்தன. அந்தச் செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் இன்றும் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அதற்காகப் பட்டிப்பூவை அவித்துக் குடிக்க யாரும் புறப்பட வேண்டாம், அது நஞ்சு.

மகள் செய்யப்போகும் வேலை இதுதான். இலையை நிழலில் உலர்த்தி, மெதனோல் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பாள். உள்ளங்கையளவுத் தட்டொன்றில் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் வளர்த்த புற்றுநோய்க் கலங்கள். அவற்றில் சாற்றை வெவ்வேறு செறிவுகளில் இட்டு, ஓரிரு நாள் கழித்து மஞ்சள் சாயம் ஒன்றைச் சேர்ப்பாள். உயிருள்ள கலங்கள் அதை ஊதாவாக்கும். மஞ்சளாகவே நின்றால் கலங்கள் இறந்துவிட்டன. பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தில் துள்ளிக் குதிக்கின்றன. வெளிற்றும் தூளைப் போட்டாலும் கலம் சாகும் ஐயா! ஆரோக்கியமான கலத்தை விட்டுவிட்டுப் புற்றுநோய்க் கலத்தை மட்டும் கொல்கிறதா, சாற்றில் உள்ள நூற்றுக்கணக்கான சேர்வைகளில் எது கொல்கிறது என்று பிரித்தறிவதுதான் உண்மையான உழைப்பு. அது முழுக்க இரசாயனவியல். பிறகு விலங்குச் சோதனை, மனிதச் சோதனை. யூ மரப் பட்டையில் கிடைத்த பக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தின் கட்டமைப்பு 1971இல் வெளியானது. அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல்.

ஆகவே அவளிடம் ஒன்றைக் கேளுங்கள்: இரசாயனவியல் பிடிக்குமா? உயிரியல் மட்டும்தான் இனிக்கிறது என்றால் இந்தப் பாதை கசக்கும்.

பிடிக்கும் என்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலோடு தாவரவியலையோ விலங்கியலையோ படிக்கலாம். வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் வவுனியாவை முதலில் போடாதீர்கள். அங்குள்ள உயிரியல் பக்கம் சுற்றாடல் விஞ்ஞானத்தையே சார்ந்தது. சித்த மருத்துவப் பட்டம் மருத்துவர் என்ற பெயரைத் தரும், உங்களுக்கும் மனம் ஆறும். ஆனால் அது நோயாளியைப் பார்க்கும் பயிற்சி. கலவளர்ப்பு ஆய்வுக்கு நேர்வழி அல்ல. பட்டத்துக்குப் பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் மற்றும் உயிர்த்தொழில்நுட்பவியல் நிறுவகம், கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகம் போன்ற இடங்களில் மேற்படிப்புக்கும் ஆய்வுக்கும் முயலலாம்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். ஆய்வாளர் பதவிகள் நாட்டில் சொற்பம். கலாநிதிப் பட்டத்துக்கு உதவித்தொகையோடு வெளிநாடு போக நேரலாம். இடையில் நின்றாலும் மருந்து உற்பத்தி நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வுகூடம், ஆசிரியப் பணி ஆகிய கதவுகள் இரசாயனவியல் பட்டதாரிக்குத் திறந்தே இருக்கும்.

மூன்றாம் முறை எழுதுவது உங்கள் ஆசைக்காக என்றால் வேண்டாம். அவளாகக் கேட்டால் மட்டும் எழுதட்டும். விண்ணப்பத்தின் விருப்ப வரிசையையும் அவளே நிரப்பட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த ஆண்டுக் கைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; அண்ணன்மாரின் பழைய கைநூல் உதவாது.